இரண்டாவது கியர் விழுகிறது

நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த ஹட்டன் வாகன சேவை நிலையத்தில் இப்போது முறைப்பாடு எழுத ஆள் இல்லை. வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்து, வாய்க்கு வந்த பாஷையில் தன் காரின் குறையைச் சொன்னால் போதும். அதுவே ஆங்கிலத்தில் எழுதி, ஜொப் கார்ட் என்ற வேலை அட்டை ஆக்கி, கொழும்புக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறது. அதற்குச் சம்பளம் இல்லை, தேத்தண்ணி இடைவேளை இல்லை, மூல வியாதி இல்லை. நான் செய்த வேலையில் என்னைத் தவிர மற்ற எல்லாம் அதனிடம் இருக்கிறது.

என் நாற்காலியில் இப்போது இருக்கும் தயாளினி போன் பண்ணினாள். "அண்ணே, நலன்புரிச் சங்க மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. முறைப்பாடு எழுதுறது எப்படின்னு."

"அதான் மெசினே எழுதுதேம்மா."

"எழுதுதுண்ணே. சரியாத்தான் எழுதுதான்னு யாரு பாக்குறது? நீங்களே சொல்லிப் பாருங்களேன்."

மறுநாள் வந்து செயலியை என் போனிலும் போட்டுக்கொடுத்தாள். அதனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அது எழுதியதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைத்தெரு வரை நடந்தேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். இரண்டு நாளாக நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தயாளினி மன்னிக்க வேண்டும், இரண்டு பக்கத்தில் அடங்காது.

அப்பா தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பள்ளி முடிந்ததும் என் கையில் ஸ்பானரைக் கொடுத்து ஒரு வாரம் கவனித்தார். எட்டாம் நாள் வாங்கிக்கொண்டு, "நீ வாசிக்கிற ஆளு, போயி வாசி" என்றார். அது பாராட்டு என்று பல வருடம் நினைத்திருந்தேன். வாசித்தேன். நகரசபை நூலகத்தில் மூன்று மொழியிலும் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். அதனால் ஏற்பட்ட ஒரே பயன், கார் கம்பனி ஹட்டனில் கிளை திறந்தபோது "மூன்று மொழி தெரியும், கையெழுத்து அழகு" என்று என்னை முறைப்பாட்டு மேசையில் உட்கார வைத்ததுதான். என்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மூடியைத் திறந்தால் அது அங்கே இருக்கும் என்பது. மீதியைப் பிறகு பொறுக்கிக்கொண்டேன்.

வேலை லேசானதல்ல. வருகிறவர்கள் சத்தத்தில் பேசுவார்கள். "கர்ருங்குதுங்க" என்றால் பேரிங், அல்லது பிரேக் கட்டை. "டொக்கு டொக்குங்குது" என்றால் முன் சக்கரத்து மூட்டு. "ஒரு மாதிரியா இருக்குங்க" என்றால் காரிலும் இருக்கலாம், வீட்டிலும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மெக்கானிக் அதைச் சிங்களத்திலோ தமிழிலோ புரிந்துகொள்வார். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் அட்டை கொழும்புக்குப் போகும். அங்கே வண்டியையோ மனிதரையோ பார்க்காமல், அட்டையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

இதை எனக்குப் பழக்கியவர் மேலாளர் ரணவீர மாத்தயா, சிங்களவர். குரல் உயர்த்தியதில்லை. அட்டையைத் தொடுமுன் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைப்பார். அவர் விதிகள் மூன்று. வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை பேனா மூடி திறக்கக் கூடாது. அவர் சொன்னதை எழுத வேண்டும். எழுதியதை அவர் பாஷையில் வாசித்துக் காட்டி, "மேகத கிவ்வே?", இதைத்தானா சொன்னீர்கள் என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் கந்தப்பளை மளிகைக்கடை முதலாளி ஒருவர், ஏற்றத்தில் கிளச் தீயும் வாடை அடிக்கிறது என்றார். நம்மூர் ஆட்கள் மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டுப் பாதிக் கிளச்சிலேயே வண்டியைத் தொங்கவிடுவது ஊரறிந்த விஷயம். நானும் அறிவாளித்தனமாக "பாதிக் கிளச்சில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்" என்று எழுதினேன். ரணவீர மாத்தயா வாசித்தார்.

"எயா எஹெம கிவ்வத?" அவர் அப்படிச் சொன்னாரா?

"இல்ல சேர். ஆனா..."

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். புது அட்டை எடுத்து, கார்பன் தாள் வைத்து, முதல் வரியிலிருந்து முழுவதையும் தன் கையால் எழுதினார். நான் நின்றுகொண்டிருந்தேன். முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். எழுதி முடித்து என்னிடம் நீட்டி, "கஸ்டமர் கியன தே லியன்ன, லிங்கம். ஒயா ஹிதன தே நெவெய்" என்றார். வாடிக்கையாளர் சொல்வதை எழுது, நீ நினைப்பதை அல்ல. மறுநாள் கழற்றிப் பார்த்தபோது என்ஜின் ஓயில் கசிந்து கிளச்சில் ஊறியிருந்தது. முதலாளியின் காலில் தப்பே இல்லை. அதன்பிறகு முப்பது வருடம் நான் நினைத்ததை எழுதியதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு அந்தச் சின்னக் கார் வந்தது. ஐந்து கியர், கையால் போடுவது, பெற்றோல் கொஞ்சமாகக் குடிக்கும், உருண்டையாக வெள்ளையாக இருக்கும். மெக்கானிக்குகள் அதற்குத் தயிர்ச்சட்டி என்று பெயர் வைத்தார்கள். உத்தரவாதம் இரண்டு வருடம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஆசிரியர்கள், தபால்காரர்கள், கடைக்காரர்கள் என்று முதன்முதலாகக் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். புஷ்பராணி மிஸ்ஸியும் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் தாதியும் மிஸ்ஸி, பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுவும் மிஸ்ஸி. இவர் மஸ்கெலியாவுக்கு மேலே நாலைந்து தோட்டப் பிரிவுகளுக்கு மருத்துவ மாது. நாற்பது வயது வரை ஸ்கூட்டர். மழையில் இரண்டு தரம் வழுக்கி விழுந்த பிறகு லைசன் எடுத்து, தயிர்ச்சட்டி வாங்கினார். அம்பியூலன்ஸ் வரத் தாமதமானால் கர்ப்பிணிகளைத் தானே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குவார். ஓட்டப் பழக்கியவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கியரைப் 'போடு', 'எடு' என்ற இரண்டே சொல். டிரைவர்மாரோடு தேத்தண்ணிக் கடையில் நின்று பேசிப் பழகிய ஆள் அல்ல. இது முக்கியம்.

முதல் சர்வீசுக்கு வந்தார்.

"எப்படிங்க மிஸ்ஸி கார்?"

"நல்லாத்தாங்க இருக்கு. எறக்கத்துல மட்டும் ரெண்டாவது கியர் விழுதுங்க."

பேனா மூடி போட்டபடியே இருந்தது. விதி வழுவவில்லை. நம் டிரைவர்மார் பாஷையில் கியர் 'விழுவது' என்றால் போய்ச் சரியாக உட்காருவது. "ரெண்டு விழலப்பா" என்றால் இரண்டாவது கியர் போட வரவில்லை என்று அர்த்தம். முப்பது வருடமாக என் காது அப்படித்தான் கேட்டு வளர்ந்திருந்தது.

"செரமப்பட்டு விழுதா, லேசா விழுதா?"

"லேசாத்தாங்க. நான் ஒண்ணுமே பண்றதில்ல, அதுவா விழுது."

"அப்ப சந்தோசப்படுங்க மிஸ்ஸி. சில பேருக்குப் புது வண்டியில விழவே மாட்டேங்குதுன்னு வாறாங்க."

கொதிக்க வைக்காத தண்ணீரைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுத்த தகப்பனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அட்டையில் ஆங்கிலத்தில், இறக்கத்தில் இரண்டாவது கியர் இலகுவாகப் பொருந்துகிறது, குறை இல்லை என்று எழுதினேன். பிறகு விதிப்படி தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"எறக்கத்துல ரெண்டாவது கியர் லேசா விழுதுன்னு எழுதியிருக்கேன். இதைத்தானே சொன்னீங்க?"

"அதேதாங்க."

கையெழுத்துப் போட்டார். இருவரும் முழு மனதோடு ஒப்புக்கொண்டோம். ஓயில் மாற்றி அனுப்பினோம்.

இரண்டாம் சர்வீஸ்.

"இன்னும் விழுதுங்கண்ணே. முந்தியவிட ஜாஸ்தியா விழுது."

"வண்டி செட்டாயிருச்சு. ஓட ஓட இன்னும் நல்லா விழும் மிஸ்ஸி."

"இன்னுமா?" முகம் வெளிறியது. "நான் கையால புடிச்சுக்கிட்டேதான் ஓட்டுறேன்."

"கியர்ல கை வச்சு ஓட்டாதீங்க. உள்ளுக்குத் தேஞ்சிரும்."

"கைய எடுத்தா விழுதுங்களே!"

"விழட்டும் மிஸ்ஸி! விழுறதுக்குத்தானே கியர்!"

பக்கத்தில் பிரேக் கழற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கும் ஒரு நிறைவு. கியர் பொருந்துகிறது, வாடிக்கையாளர் கியர்த் தண்டில் கை வைத்து ஓட்டுகிறார், ஆலோசனை கூறப்பட்டது என்று எழுதினேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். வாசித்தும் காட்டினேன். அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தடுத்த சர்வீசுகளில் அவர் கியர்ப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கார் இழுவை வண்டியில் வந்தது. முன் பம்பர் தொங்கியது. முகப்பில் தேயிலைக் கிளைகள் செருகியிருந்தன. "கொழுந்து பறிச்சுட்டு வந்திருக்கு" என்றார் அந்தப் பிரேக் மெக்கானிக். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேல் பிரிவிலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவில் கார் திடீரென்று ஓட்டம் பிடித்துக் சாலையோர வடிகானில் இறங்கித் தேயிலையில் முட்டி நின்றிருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒன்றுமில்லை. மாமியாருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்த முழங்கையை அந்த அம்மாள் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகக் காட்டிவிட்டார். மிஸ்ஸிக்கு ஓட்டத் தெரியாது என்று பேச்சாகிவிட்டது. அதோடு அந்தக் காரில் ஏற ஆள் இல்லை.

உத்தரவாதத்துக்கு மனு எழுதினோம். கிலோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டி அறுநூறு. எல்லை தாண்டுமுன் இதே குறையைச் சொன்ன பதிவு இருந்தால் மட்டும் ஏற்பார்கள். அதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்பனி ஏட்டில் சோதனை ஓட்டம் என்றால் சமதளச் சாலை, ஐந்து கிலோமீட்டர், ஓட்டுநர் தனியாக. எழுதியவர் ஹட்டனுக்கு வந்ததில்லை. இங்கே சமதளம் என்று ரயில் மேடையும் கேரம் போர்டும்தான் உண்டு. ஆகவே மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரை வரை போய், அங்கே மேலும் கீழும் ஐந்து கிலோமீட்டர் தேற்றினார்கள். கார் சாமி ஊர்வலம் போல் ஓடியது. குறை காணப்படவில்லை. பம்பரைப் பூட்டி, காரை மிஸ்ஸியிடமே திருப்பிக் கொடுத்தோம்.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து பதில். உத்தரவாத எல்லை கடந்தது. முன்பு முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை. மாறாக, கியர் சரியாக இருப்பதாக வாடிக்கையாளர் இருமுறை கையொப்பமிட்டிருக்கிறார். கியர்த் தண்டில் கை வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர். நிராகரிக்கப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் என் அழகான கையெழுத்து.

மிஸ்ஸி வந்தார். வாசித்துச் சொன்னேன்.

"ரெண்டு தடவ சொன்னேனேங்க."

"சொன்னீங்க மிஸ்ஸி. நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இது உங்க கையெழுத்துத்தானே?"

அட்டையை என் பக்கம் தள்ளினார். "காரை விடுங்கண்ணே. நேத்து ஒரு புள்ள, எட்டு மாசம், ரத்தம் படுது. மழையில நடந்து எறங்கி வருது. நான் காரை வச்சுக்கிட்டுக் கூடவே உருட்டிக்கிட்டு வாறேன். 'வேணாங்க மிஸ்ஸி, நடந்தே வாறேன்'னு மரியாதையாச் சொல்லுது. அந்தக் கொடுமை உங்களுக்கு விளங்குதா?" எழுந்தார். "வாங்க. ஏறுங்க."

"சோதனை ஓட்டம் முடிஞ்சிருச்சு மிஸ்ஸி. அதுக்கு ஒரு முறை..."

"ஆளை ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல எறக்குனாத்தான் அது செய்யும். நீங்க ஒரு ஆள் போதும்." என் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாசம்னு கேக்க மாட்டேன்."

நோர்வூட் போகும் வழியில் காரில் கீழே இறங்கினோம். இரண்டாவது கியர் போட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். என் முன்னால் கியர்த் தண்டு தனியாக நின்று லேசாக நடுங்கியது. பள்ளம் ஆரம்பித்ததும் எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். என்ஜின் முனகி வண்டியைப் பிடித்தது. ஒரு வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் தண்டு, யாரோ தட்டிவிட்டதுபோல, டக்கென்று நடுவுக்கு வந்தது. முனகல் நின்றது. அந்த அமைதிதான் பயங்கரம். கார் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. அவர் பதறாமல் பிரேக்கை மிதித்து, ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்தார்.

"பாத்தீங்களா? விழுந்துருச்சு."

"இதைத்தான் விழுதுன்னு சொன்னீங்களா மிஸ்ஸி?"

"வேற எதுங்க விழும்?"

"கழண்டுபோகுதுன்னு சொல்லியிருக்கலாமே."

"மரத்துலருந்து காய் விழுந்தா விழுந்ததுதான். தொட்டில்லருந்து புள்ள விழுந்தா விழுந்ததுதான். உங்க மேசையில மட்டும் விழுந்தா ஏறுனதுன்னு அர்த்தமா?"

நூலகத்தில் மூன்று மொழியில் வாசித்த மனிதன் நான். தமிழில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். திரும்பும்போது ஏற்றம். ஏற்றத்தில் கியர் கல்லாக நின்றது.

ரணவீர மாத்தயாவின் அறைக்குப் போய் நின்றேன். சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"எயா மொகக்த கிவ்வே?" அவர் சொன்னது என்ன?

மிஸ்ஸி சொன்னதை அப்படியே சிங்களத்தில் திருப்பினேன். "கியர் எக்க வெட்டெனவா." கியர் விழுகிறது. சொல்லும்போதே எனக்கு உறைத்தது. சிங்கள டிரைவர்மாரும் கியர் பொருந்துவதற்கு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மமத் ஓகே கியலா லியனவா" என்றார். நானும் சரி என்றுதான் எழுதியிருப்பேன் என்று பொருள்.

அது ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை. எழுந்துபோய்க் கை கழுவினார். பழைய அட்டைகளைத் திருத்த முடியாது, அது குற்றம். வெற்றுத் தாள் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைச் சொல்லச் சொல்லி, நடந்ததைத் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினார். வாடிக்கையாளர் சரியாகச் சொன்னார், சேவை ஆலோசகர் தவறாக விளங்கினார் என்று. நான் நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரம். கந்தப்பளை முதலாளி மட்டும்தான் இல்லை.

"இது உன் கோப்புக்கும் போகும், லிங்கம். ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம்?"

"மூணு சேர்."

"மூன்று வருடமும் சொல்லிக்காட்டுவார்கள்" என்று கையெழுத்துக்கு நீட்டினார். போட்டேன். அழகாக விழவில்லை.

ஒரு வாரத்தில் கொழும்பிலிருந்து உத்தரவாதப் பொறியியலாளர் வந்தார். சுத்தமான சப்பாத்து. விதிப்படி முதலில் நீர்த்தேக்கக் கரையில் தனியாக ஓட்டி, குறை இல்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு மிஸ்ஸி ஓட்ட, பொறியியலாளர் பின்னால், நான் முன்னால் பாரமாக. முதல் தரம் விழுந்தபோது, மிஸ்ஸி முழங்கையால் தட்டியிருக்கலாம் என்றார். இரண்டாம் தரம் அவரே எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "போதும், போதும், கண்டுவிட்டேன்" என்றார். பெட்டியைக் கழற்றினார்கள். இரண்டாவது கியரைப் பிடித்து நிறுத்தும் பற்கள் தொழிற்சாலையிலேயே சரியாக வெட்டப்படவில்லை.

புதுக் கியர்ப் பெட்டி வந்தது. கூடவே ஒரு கடிதம். வாடிக்கையாளர்மீது கொண்ட நல்லெண்ணத்தின் பேரில் மாற்றித் தரப்படுகிறது. நல்லெண்ணம் என்பது கம்பனி அகராதியில், நாங்கள் தப்புச் செய்யவில்லை, இனியும் இதைக் கேட்காதீர்கள் என்று பொருள்.

மிஸ்ஸி கடிதத்தைக் கேட்டார். "இதுல கார் பழுதுன்னு எங்க இருக்கு?"

"இல்லீங்க."

"என் மேல தப்பில்லன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இதை வச்சுக்கிட்டு நான் லயத்துல என்னா செய்யிறது?"

கியர்ப் பெட்டி மாற்றும் வேலைக்கும் அட்டை எழுத வேண்டுமல்லவா? பேனா மூடியைத் திறந்தேன். முப்பது வருடத்தில் முதல்தடவையாக முறைப்பாட்டுப் பத்தியில் தமிழில் எழுதினேன். 'இறக்கத்தில் இரண்டாவது கியர், ஓட்டுபவர் கை படாமலே கழன்று விழுகிறது. பெட்டி பழுது. வாடிக்கையாளர் இதை இரண்டு முறை சொன்னார், சரியாகச் சொன்னார். எழுதியவன் தப்பாக எழுதினான். ஓட்டியவர்மீது பிழை இல்லை.'

ரணவீர மாத்தயாவுக்குத் தமிழ் எழுத்து கூட்டி வாசிக்கத்தான் வரும். என்னை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மிஸ்ஸியின் பக்கம் திரும்பினார்.

"மேகத கிவ்வே?"

"ஒவ் மாத்தயா", ஆமாம் ஐயா என்றார் மிஸ்ஸி. "ரெண்டு தரம்."

முத்திரை குத்தி, வாடிக்கையாளர் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். கம்பனி ஏட்டில் இதற்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மிஸ்ஸி அதைக் கிளினிக் சுவரில், பிள்ளைகளின் நிறை குறிக்கும் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒரு வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். பிறகு அந்த முழங்கை மாமியார்தான் யாரையோ வாசிக்கச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொல்லி, "எழுதுனவனே ஒத்துக்கிட்டானா? அப்ப வேலை தெரியாதது அவனுக்குத்தான்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். பேரப்பிள்ளை பிறந்து முதல் ஊசிக்கு வந்தபோது, முன் சீட்டில் ஏறியவரும் அவர்தான். அந்த லயங்களில் இன்றும் எனக்குக் கியர் தெரியாத கிளாக்கர் என்று பெயர். மறுக்க ஆதாரம் இல்லை, என் கையெழுத்தே இருக்கிறது.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. எனக்கு முடியவில்லை. களஞ்சிய அறையில் பழைய அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து, தயிர்ச்சட்டிகளுக்கு நான் 'கியர் பொருந்துகிறது' என்று எழுதியவற்றைப் பொறுக்கினேன். மிஸ்ஸியுடையது போக ஏழு அட்டை. ஏன் ஒரு மனிதன் நல்லாயிருக்கும் கியரைப் பற்றி வந்து சொல்லப்போகிறான் என்று அப்போது நான் கேட்டிருக்கவில்லை. போன் பண்ணினேன். இரண்டு எண்கள் இல்லை. ஒருவர் காரை விற்றிருந்தார், யாரிடம் என்று தெரியவில்லை. திம்புள்ளப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், "இப்ப விழுதா சேர்?" என்று நான் கேட்டதும், "என்னா விழுது? நீ யாருய்யா?" என்று வைத்துவிட்டார். மூவருக்குக் குறை இல்லை. மீதி நான்கு எந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

இப்போது செயலிக்கு வருகிறேன். அதனிடம் நான் சொன்ன வாக்கியம், "எறக்கத்துல ரெண்டாவது கியர் விழுது." ஒரு நொடி யோசித்து, இரண்டாவது கியர் பொருந்துகிறது, குறை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியது. வாக்கிய அமைப்பு எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

தயாளினியைக் கேட்டேன். "இதுக்கு யாரும்மா தமிழ் படிச்சுக் குடுத்தது?"

"பழைய ஜொப் கார்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிக் குடுத்தாங்கண்ணே. நீங்க எழுதுனதுதான் ஆக நிறைய. கையெழுத்து தெளிவா இருந்துச்சாம்."

சில வருடம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்து புதுச் சின்னக் கார்கள் மலையேற ஆரம்பித்துவிட்டன. ஆகவே தயாளினிக்கு என் ஒரே ஆலோசனை. யாராவது கியர் விழுகிறது என்றால், செயலி என்ன எழுதினாலும், நீ எழுந்துபோய் "எங்கருந்துங்க விழுது?" என்று கேள். உனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்த சொல்லோ, அவ்வளவு கட்டாயமாகக் கேள்.

போன வாரம் மஸ்கெலியா போயிருந்தேன். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மேலேயிருந்து ஒரு தயிர்ச்சட்டி இறங்கி வந்தது. முன் சீட்டில் ஒரு பெண், மடியில் மூட்டை. ஓட்டியது மிஸ்ஸி. என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே! இப்ப விழலைங்க!"

சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பிவிட்டார். ஐயையோ, ரெண்டாவது போட வரலையாம் என்று, சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டே, காரின் பின்னால் நாலு எட்டு ஓடிவிட்டேன்.